பேராயருக்கு ஒரு கணக்காளரின் கடிதம்

விசுவாசமும் வாக்குச்சீட்டும் - 7

1930ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் தேதி குஜராத்தின் தாராசனா உப்பளத்தை நோக்கி வரிசை வரிசையாக நடந்துபோன உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்களைப் போலீஸ் தடிகளால் அடித்து வீழ்த்தியது. அடி விழும்போது தடுப்பதற்காகக்கூட அவர்கள் கையை உயர்த்தவில்லை. ஒரு வரிசை விழுந்ததும் அடுத்த வரிசை நடந்தது. வெப் மில்லர் என்ற அமெரிக்கச் செய்தியாளர் அங்கே நின்று பார்த்து அனுப்பிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. இந்தியாவின் ஆங்கிலிக்க ஆலயங்களில் அந்த ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போல மன்னருக்காக ஜெபித்தார்கள்.

இந்த முரண் ஒரு தஞ்சாவூர்க் கிறிஸ்தவரைத் தூங்கவிடவில்லை. ஜே.சி. குமரப்பா அந்த ஆண்டில் கல்கத்தா ஆயரும் இந்திய ஆங்கிலிக்கத் திருச்சபையின் தலைமைப் பேராயருமான ஃபாஸ் வெஸ்ட்காட்டுக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்தவ ஊழியர்களுக்கும் மிஷனெரிகளுக்கும் பொதுவாக ஒரு வேண்டுகோளும் விடுத்தார். அவர் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆயுதமில்லாத மனிதர்களை அரசாங்கம் அடிக்கிறது. சமாதானப் பிரபுவின் பெயரைச் சொல்லும் திருச்சபை இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா என்பதே அவர் கேள்வி.

வெஸ்ட்காட் மோசமான மனிதர் அல்லர். கிரேக்கப் புதிய ஏற்பாட்டைச் செம்பதிப்பாகக் கொண்டுவந்த அறிஞர் புரூக் ஃபாஸ் வெஸ்ட்காட்டின் மகன். இந்தியாவிலேயே வாழ்ந்து முதுமையடைந்தவர். ஆனாலும் சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாதது என்பதில் அவர் உறுதியாக நின்றார். அதிகாரங்கள் தேவனால் ஏற்படுத்தப்பட்டவை, அவற்றை எதிர்ப்பவன் தேவனுடைய ஏற்பாட்டையே எதிர்க்கிறான் என்ற வாதம் அன்று திருச்சபைத் தலைவர்கள் பலருக்கும் பாடமாக இருந்தது. குமரப்பா அதை ஏற்கவில்லை.

போன வாரம் கே.டி. பாலைப் பற்றிப் படித்தோம். விசுவாசத்தையும் தேசியத்தையும் நிதானமாக, இரு தரப்பையும் புண்படுத்தாமல் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தவர் அவர். குமரப்பாவின் வழி வேறு. இரண்டையும் மோதவிட்டு, அந்த மோதலைக் கடைசிவரை தனக்குள் வைத்துக்கொண்டே வாழ்ந்தவர் இவர். எனக்கு இந்த மனிதர்மேல் தனி அன்பு உண்டு. அதை மறைத்துக்கொண்டு எழுத முடியாது.

1892 ஜனவரி 4ஆம் தேதி தஞ்சாவூரில் பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். அப்பா சாலமோன் துரைசாமி கொர்னேலியஸ் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். அம்மா எஸ்தர் ராஜநாயகம். ஆங்கிலேய ஆட்சியின் நிழலில் படித்து, உத்தியோகம் பார்த்து, ஞாயிறுதோறும் ஒழுங்காக ஆலயத்துக்குப் போய் மரியாதையாக வாழ்ந்த குடும்பம். செல்லதுரை லண்டனுக்குப் போய்க் கணக்காயர் படிப்பை முடித்தார். பம்பாய்க்குத் திரும்பித் தணிக்கைத் தொழில் நடத்தினார். கோட்டும் சூட்டும் போட்ட, நேரம் தவறாத, ஆங்கிலேயரைப் போலவே வாழ்ந்த மனிதர். முப்பத்தைந்து வயது வரை அவருக்கு அரசியல் என்று சொல்லும்படி ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

மாற்றம் வந்தது அமெரிக்காவில். 1927இல் அங்கே போய், சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டம் வாங்கிக்கொண்டு, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படிக்கச் சேர்ந்தார். அந்த நாட்களில் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தில் பேச அழைத்தார்கள். இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது பேச்சின் பொருள். அது செய்தித்தாளில் வந்தது. பேராசிரியர் செலிக்மன் அதைப் படித்துவிட்டு, இந்தியாவின் வறுமைக்கும் அரசாங்கத்தின் நிதி நிர்வாகத்துக்கும் உள்ள தொடர்பையே ஆராயும்படி சொன்னார்.

ஆலயத்தில் பேசிய பேச்சு ஆராய்ச்சியானது. ஆராய்ச்சி ஆளையே மாற்றியது. வரவு செலவுக் கணக்கு அவருக்குக் கைவந்த கலை. பிரிட்டிஷ் இந்தியாவின் கணக்கை அந்தக் கண்ணோடு பார்த்தார். குடியானவனிடம் வாங்கும் வரி எங்கே போகிறது? ராணுவத்துக்கு, கடனுக்கு வட்டி கட்ட, மேல் நிர்வாகத்துக்கு. கல்விக்கும் சுகாதாரத்துக்கும் பயிர்த்தொழிலுக்கும் மிஞ்சியது சொற்பம். மேடையில் முழங்கிய பேச்சு எதையும் கேட்டு அவர் ஏகாதிபத்தியத்துக்கு எதிராகத் திரும்பவில்லை. ஒரு தணிக்கையாளர் கணக்குப் புத்தகத்தில் திருட்டைக் கண்டுபிடித்தார், அவ்வளவுதான்.

1929இல் இந்தியா திரும்பினார். ஆய்வேட்டை அச்சிட வேண்டும், அதற்கு முன் காந்தி ஒருமுறை பார்த்தால் நல்லது என்று நினைத்தார். மே 9ஆம் தேதி பிற்பகல் சபர்மதிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். குறித்த நேரத்துக்குச் சற்று முன்பே போய்விட்டார். மடிப்புக் கலையாத சூட், கையில் கைத்தடி. மரத்தடியில் சாணி மெழுகிய தரையில் ஒரு கிழவர் உட்கார்ந்து நூற்றுக்கொண்டிருந்தார். இவர் கைத்தடியை ஊன்றியபடி கொஞ்ச நேரம் அதை வேடிக்கை பார்த்தார். கிழவர் பொக்கை வாய் திறந்து சிரித்து, நீங்கள்தானே குமரப்பா என்று கேட்ட பிறகே, எதிரில் இருப்பது காந்தி என்று இவருக்கு உறைத்தது. காற்சட்டையின் மடிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் அந்தத் தரையிலேயே உட்கார்ந்தார். குமரப்பாவே பின்னாளில் விரும்பிச் சொன்ன சம்பவம் இது.

காந்தி ஆய்வேட்டை ‘யங் இந்தியா’வில் தொடராக வெளியிட்டார். அதோடு விடாமல், குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாத்தர் தாலுகாவின் கிராமங்களைக் கணக்கெடுக்கும் வேலையையும் இவர் தலையில் வைத்தார். குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வெயிலில் வீடு வீடாகப் போனார். ஒரு குடும்பத்துக்கு என்ன வருமானம், எவ்வளவு கடன், எத்தனை மாடு, எத்தனை வேளைச் சாப்பாடு என்று கேட்டு எழுதினார்கள். கொலம்பியாவில் காகிதத்தில் பார்த்த வறுமையை அங்கேதான் முகத்துக்கு நேராகப் பார்த்தார். இதற்குள் சூட் போய்க் கதர் வந்தது. கொர்னேலியஸ் போய்க் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா வந்தது. தம்பி பாரதனும் அப்படியே. பெயரை மாற்றினாரே தவிர, வேதத்தையோ ஞானஸ்நானத்தையோ அவர் விடவில்லை. கடைசிவரை கிறிஸ்தவராகவே இருந்தார். இதைச் சொல்லக் காரணம் உண்டு: காந்தியிடம் போன கிறிஸ்தவர் என்றாலே பாதி இந்து ஆகிவிட்டவர் என்று நினைக்கும் வழக்கம் நம் சபைகளில் அன்று இருந்தது, இன்றும் இருக்கிறது.

காந்தி சிறைக்குப் போனதும் ‘யங் இந்தியா’வைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவருக்கு வந்தது. எழுதியதற்காக இவரும் சிறைக்குப் போனார். வெஸ்ட்காட்டுக்குக் கடிதம் எழுதிய மனிதர் இவர்தான். நியூயார்க் பட்டமும் மாத்தர் தாலுகாப் புழுதியும் அந்தக் கடிதத்தில் இருந்தன.

ரோமர் 13ஆம் அதிகாரத்துக்கு வருவோம். ஆட்சியாளர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று பவுல் எழுதிய அந்தப் பகுதி, வரலாற்றில் எத்தனை அரசாங்கங்களுக்குக் கேடயமாகியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் மனம் கசக்கும். ஜெர்மனியில் ஹிட்லருக்கு அதைக் காட்டினார்கள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசுக்குக் காட்டினார்கள். நம் நாட்டில் அவசரநிலையின்போது காட்டியவர்கள் உண்டு. அதிகாரங்கள் தேவனால் உண்டானவை என்றால், அந்த தேவன் எதற்காக உண்டாக்கினாரோ அதைச் செய்கிறதா என்று கேட்கும் உரிமையும் அந்த வசனத்திலேயே இருக்கிறது. தீமை செய்கிறவனைத் தண்டிக்கவும் நன்மை செய்கிறவனைப் பாராட்டவும் ஆட்சி இருக்கிறது என்பது பவுலின் வாதம். உப்பு எடுத்தவனை அடிக்கும் ஆட்சி இதில் எதைச் செய்கிறது? மனிதனுக்குக் கீழ்ப்படிவதைவிட தேவனுக்குக் கீழ்ப்படிவதே முறை என்று யூத ஆலோசனைச் சங்கத்தின் முன் பேதுரு நின்றதை ஆயர்கள் வாசிக்காமலா இருந்திருப்பார்கள்? கீழ்ப்படியச் சொல்லி எழுதிய பவுலே அரசாங்கத்தின் கையால் செத்தவர் என்பதுதான் சபை மரபு.

இன்னொன்று வரிக்காசுக் கதை. இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டுச் சிக்க வைக்கப் பார்த்தவர்களிடம் இயேசு ஒரு காசைக் காட்டச் சொல்லி, இதில் யாருடைய உருவம் என்று கேட்டார். விசுவாசம் தனி, அரசியல் தனி என்று பங்குபோட்டுக் கொடுக்கும் பாகப்பிரிவினைப் பத்திரமாக நம் பிரசங்கங்களில் இதை ஆக்கிவிட்டார்கள். குமரப்பாவைப் போன்ற ஒருவரிடம் இந்தக் கதையை நீட்டுவது விசேஷமான துணிச்சல் என்று எனக்குத் தோன்றுகிறது. காசு இராயனிடம் போன பிறகு என்ன ஆகிறது என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவர் அவர். காசில் இராயனின் உருவம் இருக்கிறது, சரி. அந்தக் காசைக் கொடுத்தவனின் மேல் யாருடைய உருவம் இருக்கிறது? ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் அதற்குப் பதில் சொல்கிறது. தேவனுடைய சாயலைச் சுமக்கிற ஒருவனைப் பட்டினி போட்டு வாங்கிய காசு என்றால், எது இராயனுக்குரியது, எது தேவனுக்குரியது என்ற கேள்வி முதலிலிருந்து தொடங்குகிறது.

இப்படிக் கேட்டவர் அவர் ஒருவர் மட்டுமல்லர் என்பது ஆறுதல். கல்கத்தா பிஷப்ஸ் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்த கேரளத்தவரான எஸ்.கே. ஜார்ஜ், சட்டமறுப்பு கிறிஸ்தவத்துக்கு ஏற்றதே என்ற நிலையை எடுத்து 1932இல் வேலையை விட்டார். திருப்பத்தூரில் ஜேசுதாசனோடு சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய ஃபாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்துக்காரர், கதர் கட்டியவர். அதே 1932இல் சென்னைத் தெருவில் போலீஸிடம் அடி வாங்கினார். மதுரையில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ரால்ஃப் கீத்தான், காந்தியின் கடிதத்தை வைஸ்ராயிடம் கொண்டுபோன ரெஜினால்ட் ரெனால்ட்ஸைத் தன் வீட்டில் தங்கவைத்தார். அதன் விளைவாக 1930இல் நாட்டை விட்டே போக நேர்ந்தது. பிறகு திரும்பி வந்தார், மறுபடி வெளியேற்றப்பட்டார், சுதந்திரத்துக்குப் பின் மீண்டும் வந்து மதுரைச் சீமையிலேயே வாழ்ந்தார். இவர்களைப் பற்றி நம் ஞாயிறுப் பள்ளிகளில் ஒரு வரியும் சொல்லித்தருவதில்லை.

இந்த இடத்தில் ஒரு நேர்மை தேவை. தஞ்சாவூர் மண்ணிலிருந்தே இன்னொரு கிறிஸ்தவர் அதே ஆண்டுகளில் எதிர்ப்பக்கம் நின்றார். ஏ.டி. பன்னீர்செல்வம், கத்தோலிக்கர், நீதிக்கட்சிக்காரர். லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாகப் போய்த் தனித்தொகுதி கேட்டார். கே.டி. பால் அதை எதிர்த்தார் என்பது போன வாரக் கதை. பின்னால் கட்டாய இந்தித் திணிப்பை எதிர்த்துச் சட்டசபையில் குரல் கொடுத்தார் பன்னீர்செல்வம். 1940 மார்ச் 1ஆம் தேதி ஓமன் வளைகுடாவின் மேல் விமானத்தோடு மறைந்தார். அவருடைய விசுவாசம் குமரப்பாவின் விசுவாசத்தைவிடக் குறைவானது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. காங்கிரஸ் மேல்சாதியாரின் கையில் இருக்கிறது, சிறுபான்மைக்கும் பிராமணரல்லாதாருக்கும் அங்கே நியாயம் கிடைக்காது என்று அவர் கண்டது வெறும் கற்பனை அல்ல. ஒரே வேதத்தை வாசித்த இரண்டு தஞ்சாவூர்க்காரர்கள் இரண்டு அணியில் நின்றார்கள். கிறிஸ்தவன் எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்று வேதத்தில் தேடுகிறவர்கள் இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நான் குமரப்பாவை இந்தத் தொடருக்குத் தேர்ந்தெடுத்தது அவர் காங்கிரஸ்காரர் என்பதற்காக அல்ல. தன் அரசியலின் ஒவ்வொரு காரியத்தையும் சுவிசேஷத்தின் முன் கொண்டுபோய் வைத்தார் என்பதற்காக.

1934இல் பீகார் பூகம்பம். நிவாரண நிதியின் கணக்கைப் பார்க்க ராஜேந்திர பிரசாத் இவரை அழைத்துக்கொண்டார். ஏராளமாகப் பணம் வரும், ஊர் ஊராகத் தொண்டர்கள் செலவு செய்வார்கள். பெரும்பாலான நிவாரணங்கள் நாறுவது இந்த இடத்தில்தான். ஒரு தொண்டருக்கு நாளைக்கு மூன்றணா சாப்பாட்டுச் செலவு என்று குமரப்பா விதி வைத்தார். ஒரு கூட்டத்துக்காகக் காந்தி தன் பரிவாரத்தோடு பாட்னா வந்தார். பாலும் பழமும் வாங்கிய செலவு மூன்றணாவுக்குள் அடங்கவில்லை. நிவாரணப் பணத்திலிருந்து அதைக் கொடுக்க முடியாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். யாருடைய பரிவாரம் என்று பார்க்கவில்லை. பூகம்பத்தில் வீடிழந்தவனுக்கு வந்த காசு அது.

சபைக் கணக்கும் திருமண்டலக் கணக்கும் பார்த்தவர்களுக்கு இந்தச் சம்பவம் ஏன் என் கண்ணில் நீர் வரவழைக்கிறது என்று புரியும்.

அந்த ஆண்டின் கடைசியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது அதை நடத்தும் வேலை இவருக்கு வந்தது. வார்தாவில் மகன்வாடியில் இருந்துகொண்டு எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்கள். யுத்தம் வந்தது. பிரிட்டிஷ் அரசு காகிதப் பணத்தை அடித்து இந்தியாவின் தானியத்தையும் சரக்கையும் வாரிக்கொண்டது, விலைவாசி ஏறியது. அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பு ‘அப்பத்துக்குக் கல்’. மகன் அப்பம் கேட்டால் எந்தத் தகப்பன் கல்லைக் கொடுப்பான் என்று மலைப் பிரசங்கத்தில் இயேசு கேட்ட கேள்வி அது. பணவீக்கத்தைப் பற்றிய பொருளாதாரக் கட்டுரைக்கு அந்தத் தலைப்பு. அரசாங்கம் அதன் அர்த்தத்தை நன்றாகவே புரிந்துகொண்டது. எழுதியவரைச் சிறையில் போட்டது.

ஜபல்பூர் சிறையில் உடல்நிலை கெட்டது. அங்கேதான் இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றது நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் காந்தி முன்னுரை எழுதினார். கிராமக் கைத்தொழில்களின் டாக்டர் என்று இவரை அழைத்தார். வேதப் புத்தகம் ஒரு கை, பொருளாதாரப் புத்தகம் ஒரு கை என்று ஒரே சிறையில் ஒருவர் எழுதினார் என்பதே பலருக்கு வியப்பு. அவருக்கு அவை இரண்டு வேலைகள் அல்ல.

பொருளாதாரப் புத்தகத்தில் அவர் இயற்கையிலிருந்து ஐந்து படிகளைக் காட்டுகிறார். ஒன்று ஒட்டுண்ணிப் பொருளாதாரம். புலி இரையைக் கொன்றே தின்கிறது. அடுத்தது கொள்ளைப் பொருளாதாரம். குரங்கு தோப்புக்கு ஒன்றும் செய்யாமல் பழத்தைப் பறித்துத் தின்கிறது. அதற்கு மேல் உழைத்துச் சம்பாதிப்பது, கூட்டில் தேனீ உழைப்பதுபோலக் கூட்டத்துக்காக உழைப்பது. உச்சியில் சேவை, குஞ்சுக்கு இரை கொண்டுவரும் தாய்ப்பறவை கூலி கேட்பதில்லை. ஒரு தேசத்தின் நிதிநிலை அறிக்கையை இந்தப் படிகளில் எதில் வைக்கலாம் என்று கேட்டால், பொருளாதாரப் பேராசிரியரும் நெளிவார், பேராயரும் நெளிவார். மேற்கத்திய வல்லரசுகள் கிறிஸ்தவ நாடுகள் என்று சொல்லிக்கொள்வதை அவரால் சகிக்க முடியவில்லை. யுத்தத்தை ஆசீர்வதிக்கும் சபையை அவர் கிறிஸ்துவின் சபையாகப் பார்க்கவில்லை. அதை எழுதவும் தயங்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் அந்நிய ஆட்சிக்கு எதிரான காலம். எதிரி வெளியே இருக்கும்போது விசுவாசத்தையும் அரசியலையும் சேர்ப்பது ஓரளவு எளிது. 1947க்குப் பிறகுதான் குமரப்பாவின் உண்மையான சோதனை. சிறையில் கூட இருந்தவர்கள் மந்திரிகள் ஆனார்கள். அவருடைய கட்சி ஆட்சிக்கு வந்தது. அவர் வாயை மூடவில்லை.

காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்கு அவரே தலைவர். 1949இல் வந்த அறிக்கை இடைத்தரகர்களை ஒழிக்கச் சொன்னது, நிலம் உழுகிறவனுக்குப் போக வேண்டும் என்றது, நிலவுடைமைக்கு உச்சவரம்பு கேட்டது. கட்சியில் இருந்த நிலக்கிழார்களுக்கு அது இனிக்குமா? பெரும் பகுதி ஏட்டோடு நின்றது. பெரிய தொழிற்சாலைகளையும் அணைகளையும் நோக்கி நேருவின் அரசு போனபோது, கிராமத்தான் மீண்டும் வஞ்சிக்கப்படுகிறான் என்று குமரப்பா எழுதினார், பேசினார். 1951இல் சீனாவுக்கும் 1952இல் சோவியத் நாட்டுக்கும் போய்வந்து, அங்கே ஏழைக்கு நடந்த நல்லதைப் பாராட்டினார். உடனே கம்யூனிஸ்ட் என்றார்கள். காங்கிரஸ்காரர்களும் சொன்னார்கள், கிறிஸ்தவர்களும் சொன்னார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அவருக்கு ராஜதுரோகி என்று பெயர். சுதந்திர நாட்டில் வேறு பெயர்.

கடைசி ஆண்டுகளில் மதுரை மாவட்டத்தில் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சிறிய குடிலில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொத்து என்று ஒன்றும் இல்லை. பதவி தேடி டெல்லிக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும். 1960 ஜனவரி 30ஆம் தேதி சென்னையில் இறந்தார்.

அவரோடு எனக்கு உடன்பாடில்லாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய கிராமத்தை என்னால் முழுமனதோடு ஏற்க முடியவில்லை. செக்கும் தறியும் சூளையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் கிராமம் அழகான சித்திரம். அந்தச் சித்திரத்தில் சேரிக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கும் தூரம் போதுமான அளவு விழவில்லை. அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கும் குகை என்ற பொருளில் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைச் சாடியதற்குக் காந்தியர்கள் இன்றுவரை நேரான பதில் சொன்னதில்லை. புலி, குரங்கு, தேனீ என்ற வரிசையைச் சாதியின் மேல் வைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்று குமரப்பா இன்னும் அழுத்தமாகக் கேட்டிருக்க வேண்டும். அடுத்தவன் உழைப்பைக் கூலியின்றித் தலைமுறை தலைமுறையாகத் தின்பது எந்தப் பொருளாதாரம்?

இந்தக் கேள்வி இன்று தமிழகத் திருச்சபைகளின் வாசலில் நிற்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாராகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அது திருத்தப்பட்டது. தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்னும் கதவு திறக்கவில்லை. மதம் மாறியதால் சாதிக்கொடுமை மாறவில்லை என்பதே அவர்கள் வாதம், அது உண்மையும்கூட. எல்லாச் சபைகளும் டெல்லிக்கு மனு அனுப்புகின்றன, கறுப்புக்கொடி ஏற்றுகின்றன, ஊர்வலம் போகின்றன. நானும் அந்த ஊர்வலத்தில் நடப்பவன்.

ஆனால் அந்த மனுவில் நாம் சாட்சியமாகக் காட்டும் கொடுமை எங்கே நடக்கிறது? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரித்து எழுப்பிய சுவரை எதிர்த்து எத்தனை காலமாகப் போராடுகிறார்கள். விழுப்புரம் பக்கம் எறையூரில் சவ வண்டியையும் சாவுப் பாதையையும் சமமாகக் கேட்ட தலித் கத்தோலிக்கருக்கும் வன்னியக் கத்தோலிக்கருக்கும் 2008 மார்ச்சில் மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். தவக்காலத்தில். சீர்திருத்தச் சபைகள் நமக்கு இது இல்லை என்று பெருமைப்பட வேண்டாம். திருமண்டலத் தேர்தலில் எந்தச் சாதி எந்த அணி என்று சேகரத்து உபதேசியாருக்கே தெரியும்.

குமரப்பா இன்று இருந்தால் முதல் கடிதத்தை டெல்லிக்கு எழுதியிருக்க மாட்டார். 1930இல் அவர் வைஸ்ராயை விட்டுவிட்டுத் தன் சொந்தத் திருச்சபைத் தலைவரைக் கேட்டவர். அரசாங்கம் நியாயம் செய்யவில்லை என்று ஞாயிறு அறிவிப்பில் வாசிக்கும் அதே சபையின் கல்லறைத் தோட்டத்துக்கு வரைபடம் கேட்டிருப்பார், சேகரத்துக் கணக்குப் புத்தகத்தைக் கேட்டிருப்பார். மிஷன் நிலம் யாரிடம் குத்தகையில் இருக்கிறது, பள்ளியிலும் கல்லூரியிலும் வேலை யாருக்குப் போயிருக்கிறது என்று பெயர்வாரியாகப் பட்டியல் எடுத்திருப்பார். மாத்தர் தாலுகாவில் செய்ததுபோல, வீடு வீடாக.

அந்தப் பட்டியலை இன்று எந்தத் திருமண்டலமாவது தானே முன்வந்து எடுத்து, அடுத்த பெருமன்றக் கூட்டத்தில் மேசைமேல் வைக்கட்டும். எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்று அதற்குப் பிறகு பேசலாம்.

(தொடரும்)

அடுத்த வாரம்: மதுரையிலிருந்து வெளியேற்றப்பட்ட மிஷனெரி ரால்ஃப் கீத்தான்